வீட்டுல மண்பாண்டம் செய்றவங்க என்கிட்ட திரும்பத் திரும்ப கேட்கற கேள்விகள்

பாண்டிச்சேரி லாஸ்பேட்டைல எங்க வீட்டு பின்பக்கம் ஒரு ஷெட்டு இருக்கு, முன்னாடி மாமியார் சவுக்கு விறகு அடுக்கி வெச்ச இடம், ஒன்பது வருஷமா அதான் என்னோட ஸ்டுடியோ. ஞாயித்துக்கிழமை ஆனா நாலஞ்சு பேர் வருவாங்க, மத்த நாள்ல உடைஞ்ச கப்பு ஃபோட்டோவோட வாய்ஸ் நோட்டு வரும், கடலூர்ல இருந்து வரும், திண்டிவனத்துல இருந்து வரும், ஆனா கேள்வி மட்டும் மாறவே மாறாது. அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுடலாம்னு உக்காந்தேன். கேள்விய அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். நான் சொல்றதுல பாதிக்கு மேல என் கையால கெட்டுப்போன சாமானை வெச்சு கத்துக்கிட்டது.

அக்கா, வீல் இல்லாம ஆரம்பிக்கலாமா? விலைய கேட்டாலே பயமா இருக்கு.

தாராளமா ஆரம்பிக்கலாம், முதல் ஆறு மாசத்துக்கு வீல் (மண்ண வெச்சு சுத்தற சக்கரம்) தேவையே இல்ல. அஞ்சு கிலோ மண்ணு, பழைய சப்பாத்திக் கட்டை, ஒரு கோணிச்சாக்கு, ஒரே தடிமன்ல ரெண்டு மரச்சட்டம், மீன் பிடிக்கற நரம்பு ஒரு முழம். நரம்போட ரெண்டு முனைலயும் சட்டை பட்டன் கட்டிட்டா மண்ணு அறுக்கற கம்பி ரெடி.

ஆரஞ்சுப்பழம் சைஸ்ல, ஒவ்வொண்ணும் 200 கிராம் வர்ற மாதிரி பத்து உருண்டை எடை போட்டு எடுத்துக்குங்க. கட்டைவிரலை நடுவுல விட்டு, திருப்பித் திருப்பி கிள்ளிக்கிட்டே வந்தா கிண்ணம் வந்துடும். பத்தும் ஒரே மாதிரி வரணும்னு முயற்சி பண்ணுங்க. வராது, ஆனா பத்தாவதுக்கும் முதலாவதுக்கும் என்ன வித்தியாசம்னு உங்க விரலுக்கே தெரியும்.

மண்ணு எங்க வாங்கறது? ஏரி மண்ணையே எடுத்துக்கலாமா?

ரெண்டு வகை மண்ணு இருக்குன்னு முதல்ல புரிஞ்சுக்குங்க. நம்ம ஏரி, குளத்து மண்ணுல இரும்புச்சத்து அதிகம், அதான் சுட்டா செவந்து வருது, 700ல இருந்து 900 டிகிரி சூட்டுக்குள்ள சுட்டாதான் அதுக்கு அழகு. அகல், பானை, அய்யனார் குதிரை எல்லாம் இதுலதான். நம்ம வில்லியனூர் சுடுமண் வேலைக்கு புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு, ஒரு தடவை போய் அவங்க கை எப்படி போகுதுன்னு பார்த்துட்டு வாங்க. இன்னொண்ணு ஸ்டோன்வேர் மண்ணு, மூட்டையா கலந்தே விக்கறாங்க, 1200 டிகிரிக்கு மேல சுடறது, தண்ணி அவ்வளவா உறிஞ்சாது, சாப்பாட்டு சாமானுக்கு அதுதான்.

ஏரில நீங்களா போய் வெட்டாதீங்க, அதுக்கு அனுமதி வேணும். பானை செய்ற வேளார் வீட்டுல கேட்டா ஒரு பக்கெட்டு தருவாங்க. ஊற வெச்சு, பழைய வேட்டில வடிகட்டி, வேர், கிளிஞ்சல், சின்னக் கல்லு எல்லாம் எடுத்துடணும். கிளிஞ்சல் துண்டு ஒண்ணு தங்கிட்டாலும் அது சூளைல சுண்ணாம்பா மாறி, வெளிய எடுத்து ரெண்டு வாரம் கழிச்சு ஈரக்காத்துல உப்பி அந்த இடத்த பேத்துக்கிட்டு வந்துடும். அழகா வந்த ஒரு அகலு வரிசை எனக்கு அப்படித்தான் போச்சு, ஷெல்ஃப்ல உக்காந்த இடத்துலயே.

சப்பாத்தி மாவு மாதிரி பிசைஞ்சா போதுமா?

போதாது, சப்பாத்தி மாவ மடிச்சு மடிச்சு பிசைவோம், மண்ண அப்படி மடிச்சா உள்ள காத்து அடைஞ்சுக்கும். உள்ளங்கையால முன்னாடி தள்ளி, உருட்டி எடுத்து, திரும்ப தள்ளணும். ஐம்பது, அறுபது தள்ளு. அப்புறம் நரம்பால ரெண்டா அறுத்துப் பாருங்க, வெட்டுன முகம் அல்வா வெட்டுன மாதிரி வழவழன்னு இருந்தா சரி, ஓட்டை தெரிஞ்சா இன்னொரு ரவுண்டு.

வீல்ல ரெண்டு மாசமா உக்காறேன், சுவரு மேல ஏறவே மாட்டேங்குது. என்ன தப்பு பண்றேன்னே தெரியல.

இந்த கேள்விக்கு என்கிட்ட ஒரே மருந்துதான், செஞ்சத வெட்டுங்க. நல்லா வந்ததையும் சேர்த்து வெட்டுங்க. வீல் மேல இருக்கும்போதே நரம்ப நடுவுல விட்டு மேல இருந்து கீழ வரைக்கும் இழுத்து, ஒரு பாதிய தூக்கி தள்ளி வெச்சுட்டு சுவத்தோட வெட்டுன முகத்த உக்காந்து பாருங்க. என்னோடதுல வெளிய பார்க்க டம்ளர் மாதிரி நேரா இருக்கும், வெட்டினா அடிமூலைல ஒரு விரல் தடிமனுக்கு மண்ணு குந்திக்கிட்டு இருக்கும், மேல விளிம்பு மட்டும் அப்பளம் மாதிரி. மேல ஏற வேண்டிய மண்ணு கீழயே தங்கிடுச்சுன்னு அந்த வெட்டுன முகம்தான் எனக்கு காட்டுச்சு, அதுவரைக்கும் கைல பலம் இல்லன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

ஒரு மாசம் ஒரு விரதம் மாதிரி எடுத்துக்குங்க, ஒரு நாளைக்கு டம்ளர் மாதிரி நேரா அஞ்சு உருளை, ஒவ்வொண்ணும் 500 கிராம், ஒண்ணையும் எடுத்து வெக்காம வெட்டிப் பார்த்துட்டு மண்ண திரும்ப சேர்த்துடணும். எடுத்து வெக்கணும்னு ஆசை இருக்கற வரைக்கும் கை பயந்து பயந்துதான் இழுக்கும். சுடாத மண்ணு வீணாகாது, நல்லா காய விட்டு தண்ணில போட்டா தானா கரைஞ்சிடும் (பாதி ஈரமா இருக்கும்போது போட்டா கரையாது, முழுசா காயணும்), அத பிளாஸ்டர் பலகைல ஊத்தி கெட்டியானதும் பிசைஞ்சா புது மண்ணு.

காயும்போது அடில எஸ் மாதிரி விரிசல் விடுது, கப்பு கைப்பிடியும் பிச்சுக்குது. மண்ணு சரியில்லையா?

பெரும்பாலும் மண்ணு சரியாதான் இருக்கும். அந்த எஸ் விரிசல், அடிய அழுத்தாம விட்டதால வர்றது. சுவத்த இழுக்கும்போது அந்த மண்ணு இறுகிடுது, அடிமண்ணு லூசாவே இருக்கு, போதாக்குறைக்கு உள்ள தண்ணியும் தேங்கிக்கிட்டு நிக்கும். அடிய திறந்த உடனே நடுவுல இருந்து ஓரத்துக்கும் ஓரத்துல இருந்து நடுவுக்கும் நாலஞ்சு தடவ அழுத்தித் தேய்ங்க, கடைசில ஸ்பாஞ்சால தண்ணிய ஒத்தி எடுத்துடுங்க.

கைப்பிடி பிச்சுக்கறதுக்கு காரணம், ஒட்டும்போது கப்பு ஒரு ஈரத்துலயும் கைப்பிடி வேற ஈரத்துலயும் இருக்கறது. ஈரமண்ணுல இருந்து சுட்டு முடிக்கற வரைக்கும் ஸ்டோன்வேர் பத்து பன்னெண்டு சதவீதம் சுருங்கும், அந்த சுருக்கம் ரெண்டுலயும் ஒண்ணா நடக்கணும். இன்னொண்ணு நம்ம ஊர்ல கடல்காத்து மதியத்துக்கு மேல ஒரே பக்கமா அடிக்கும், கிழக்கு ஜன்னல் ஓரம் வெச்ச கப்புங்க மட்டும் எனக்கு விரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, ஒரு வருஷம் கழிச்சுதான் ஜன்னல சந்தேகப்பட்டேன். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி, விளிம்பு கெட்டியானதும் கவுத்து வெச்சு, ரெண்டு மூணு நாள் எடுத்து காய விடுங்க.

ஐப்பசி கார்த்திகைல எதுவுமே காய மாட்டேங்குதே, என்ன பண்றீங்க?

செய்றத குறைச்சுக்கறேன். அந்த ரெண்டு மாசம் கிளேஸ் (சாமான் மேல கண்ணாடி மாதிரி உருகி படியற பூச்சு) டெஸ்ட், பழைய மண்ணு சேர்க்கறது, நோட்டு எழுதறது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம்ம ஊர்கிட்டயே கரைய கடந்தப்போ ஷெட்டுக்குள்ள முட்டி அளவு தண்ணி. கீழ் தட்டுல காய வெச்சிருந்த முப்பது கிண்ணம் காலைல இல்ல, அந்த இடத்துல மோர் மாதிரி ஒரு குழம்பு மட்டும் நின்னுது. அதே தண்ணில நின்ன சுட்ட சாமானுக்கு ஒண்ணுமே ஆகல. சுடாத மண்ணுக்கும் சுட்ட மண்ணுக்கும் வித்தியாசம் என்னன்னு யாராவது கேட்டா இப்ப அததான் சொல்றேன். அதுக்கப்புறம் அக்டோபர் வந்தா கீழ் ரெண்டு தட்டும் காலி.

காஞ்சுதா இல்லையான்னு பார்க்க கன்னத்துல வெச்சுப் பாருங்க. சில்லுன்னு இருந்தா உள்ள இன்னும் ஈரம் இருக்கு, அறை சூட்டுல இருந்தா காஞ்சுது.

பிஸ்க்கு (கிளேஸ் போடறதுக்கு முன்னாடி முதல் தடவ சுடறது) சுடும்போது டமார்னு வெடிச்சுடுச்சு. காத்துக்குமிழ்தானே காரணம்?

எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க, எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க. உண்மைல வெடிக்க வெக்கறது ஈரம். தண்ணி நூறு டிகிரிய தாண்டி ஆவியானா ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல விரியும், சுவத்துக்குள்ள மாட்டிக்கிட்டா கிழிச்சுக்கிட்டு வெளிய வரும். நானே வேணும்னு ஒரு உருண்டைக்குள்ள காத்த அடைச்சு மூடி, ஒரு மாசம் வெய்யில்ல காய வெச்சு சுட்டேன், முழுசா வந்துச்சு. அதே சூளைல, முந்தின நாள் செஞ்ச, குமிழே இல்லாத தடி உருண்டை தூள் தூளாச்சு.

மேல சொன்ன கன்னம் டெஸ்ட்டோட, கில்ன (கரண்ட்ல சூடாகற சூளை) 80, 90 டிகிரில மூடிய லேசா தூக்கி வெச்சு ராத்திரி பூரா விடுங்க. காலைல எட்டிப்பார்க்கற ஓட்டைக்கு நேரா ஒரு எவர்சில்வர் தட்ட கொஞ்ச நேரம் காட்டுங்க, தட்டு வேர்த்தா இன்னும் ஈரம் இருக்கு, வேர்க்கலைன்னா ஏத்தலாம். 573 டிகிரி பக்கமும் அவசரப்படாதீங்க, அங்க மண்ணுல இருக்கற குவார்ட்ஸ் திடீர்னு விரியும், ஆறும்போது அதே இடத்துல சுருங்கும், ஆறற வழில சீக்கிரமா மூடிய திறந்தா விரிசல் அங்கதான் விழும்.

வீட்டுல கில்ன் வெக்கலாமா? கரண்ட் பில் எகிறுமா?

முதல் வருஷம் வெக்காதீங்க, இடம் இருக்கற கில்ன்ல காசு குடுத்து சுட்டுக்குங்க, நம்ம ஊர்லயும் ஆரோவில்லயும் மண்பாண்டக்காரங்களுக்கு குறைச்சலே இல்ல. வெக்கறதா முடிவு பண்ணா முதல்ல வீட்டோட லோடு தாங்குமான்னு எலக்ட்ரீஷியன கூப்பிட்டு பாருங்க, தனி வயர், தனி எம்சிபி, சுவத்துல இருந்து ஒண்ணரை அடி தள்ளி, மேல தகரமோ சிமெண்டோ இருக்கணும், ஓலையோ மரமோ கூடாது. பில்லு கணக்கு சுலபம், ஆறு கிலோவாட் கில்ன் பத்து மணி நேரம் விடாம எரிஞ்சா 60 யூனிட், ஆனா அது விட்டு விட்டுதான் எரியும், எனக்கு ஒரு சூளைக்கு 40 யூனிட் பக்கம் ஆகுது. கடல் பக்கம் வீடுன்னா கனெக்ஷன் திருகு உப்புக்காத்துல துரு ஏறும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவ மெயின ஆஃப் பண்ணிட்டு பார்க்கணும்.

கில்ன் மீட்டர் 1220 டிகிரி காட்டுச்சு, ஆனா கோன் சாயல. எத நம்பறது?

கோன. சாமானோட சூளைக்குள்ள வெக்கற சின்னக் கூம்பு அது, அதோட நம்பருக்கு ஏத்த சூடு வந்தா இளகி சாயும். அரிசி வேகறதுக்கு அடுப்பு சூடு மட்டும் போதாது, எவ்வளவு நேரம் இருந்துச்சுங்கறதும் வேணும்ல, அதே கதைதான். மீட்டர் அந்த நொடியோட சூட்ட மட்டும் சொல்லுது, கோன் உங்க கிளேஸ் மாதிரியே ஒரு பொருள், சூட்டையும் நேரத்தையும் சேர்த்து வாங்கிக்கிட்டு சாயுது. கோன் 6ன்னா கடைசி நேரத்துல மணிக்கு 60 டிகிரி வேகத்துல ஏத்துனா சுமார் 1222ல சாயும், 150 வேகத்துல போனா சுமார் 1240 ஆகும். ஒவ்வொரு தட்டுலயும் ஒரு கோன் வைங்க, அது சாஞ்ச கோணத்த நோட்டுல வரைஞ்சு வைங்க. என் கில்ன்ல அடித்தட்டு எப்பவும் அரை கோன் குறைச்சல்.

கிளேஸ் சுருண்டு ஒதுங்கிடுச்சு, சிலதுல ஊசி ஓட்டை, சிலதுல கோடு கோடா விரிசல். எல்லாம் ஒரே தப்பா?

மூணும் மூணு தப்பு. ஒதுங்கறதுக்கு காரணம், அடியில தூசியோ எண்ணெயோ, இல்ல கிளேஸ் ரொம்ப தடிமன். எண்ணெய்னா எந்த எண்ணெய்? காலைல தலைக்கு தேங்காய் எண்ணெய் வெச்ச கையோட வந்து பிஸ்க்க எடுத்தேன் பாருங்க, அந்த எண்ணெய். ஒரு கப்புல கிளேஸ் ஒதுங்கின இடம் அச்சு அசலா நாலு விரல் தடமா இருந்துச்சு, என் கைய வெச்சுப் பார்த்தேன், அப்படியே பொருந்துச்சு. இப்பல்லாம் சோப்பு போட்டு கை கழுவிட்டு, பிஸ்க்க ஈர ஸ்பாஞ்சால ஒரு தடவ துடைச்சுட்டுதான் கிளேஸ்.

ஊசி ஓட்டை, உள்ள இருந்து வாயு வெளியேறின தடம். பிஸ்க்கு சூட்ட 950ல இருந்து 1000க்கு ஏத்தி, கிளேஸ் சுடும்போது உச்சில பத்து பதினஞ்சு நிமிஷம் நிறுத்தினா எனக்கு முக்கால்வாசி போயிடுச்சு. கோடு கோடா வர்றது கிளேஸ் மண்ண விட அதிகமா சுருங்கறதால, இறுக்கமான ரவிக்கை தையல் விடற மாதிரி. அதுக்கு கிளேஸ்ல சிலிக்காவ கொஞ்சம் கொஞ்சமா கூட்டிப் பார்க்கணும், எப்படின்னு அடுத்த பதில்ல இருக்கு. சூளைய விட்டு எடுத்து மூணு நாள் கழிச்சும் ஷெட்டுக்குள்ள டிங், டிங்னு சத்தம் கேட்டா, அது இந்த கோடு விழற சத்தம்தான்.

ரெசிபிய கொஞ்சம் மாத்திப் பார்க்கணும், எப்படி டெஸ்ட் பண்றது?

ஒரு தடவைக்கு ஒரு பொருள மட்டும் மாத்துங்க. கை அரிக்கும், இன்னொண்ணையும் சேர்த்து மாத்திப் பார்க்கலாம்னு தோணும், மாத்தினீங்கன்னா வந்த விளைவு எதனாலன்னு கடைசி வரைக்கும் தெரியாது. நூறு கிராம் கிளேஸ், பத்துல ஒரு பங்கு கிராம் காட்டற தராசு. சிலிக்கா கூட்டணும்னா எதுவும் கூட்டாம ஒண்ணு, அப்புறம் 3, 6, 9 கிராம்னு நாலு கிண்ணம், நாலு மண்ணு வில்லை. வில்லைய எல் மாதிரி மடிச்சு நிக்க வைங்க, படுக்க வெச்ச வில்லைல கிளேஸ் ஓடுமா ஓடாதான்னு தெரியாது. பின்னாடி காவி தண்ணில நம்பர் எழுதுங்க, பேனா எழுத்து எரிஞ்சு போயிடும்.

கல்யாண சமையல் அடுப்புல இருந்து சவுக்கு சாம்பல் கேட்டு வாங்கிட்டு வந்து, ஃபெல்ட்ஸ்பார் கல்லுப்பொடியோட 80க்கு 20, 60க்கு 40, 40க்கு 60, 20க்கு 80ன்னு போட்டேன். என் சூட்டுல நாலுமே மணல் தாள் மாதிரி வறண்டு வந்துச்சு. மரச்சாம்பல் கிளேஸ் பழகினது 1280க்கு மேல போற சூளைங்களுக்கு, எனக்கு கூட கொஞ்சம் போரான் ஃப்ரிட் (சீக்கிரம் உருக வெக்கற கண்ணாடிப்பொடி) தேவைப்பட்டுச்சு. அந்த நாலு வறண்ட வில்லையும் இன்னும் ஆணில தொங்குது, அடிக்கடி பார்க்கறேன். சாம்பல் தண்ணி கைய அரிக்கும், கிளவுஸ் போடுங்க.

ஏரி மண் கிண்ணம் உருகிடுச்சுன்னு சொன்னீங்களே, அது என்ன கதை?

ரெண்டாவது கேள்விக்கு சொன்ன அதே விஷயத்த அப்ப நான் மதிக்கல. ஏரி மண்ணுல செஞ்ச ஒரு கிண்ணத்த ஸ்டோன்வேர் சாமானோட சேர்த்து கோன் 6க்கு போட்டுட்டேன். திறந்தா கிண்ணம் இல்ல, ஷெல்ஃப் மேல வெல்லப்பாகு ஊத்தின மாதிரி கரும்பழுப்பா, பளபளன்னு ஒரு தட்டை. ஷெல்ஃப் போச்சேன்னு ரெண்டு நாள் வருத்தம். மூணாவது நாள் உளியால செதுக்கும்போதுதான் உறைச்சுது, இது கண்ணாடியால்ல இருக்கு, அப்படின்னா இது கிளேஸ்தானே. அதே மண்ண சலிச்சு, ஃப்ரிட் பத்து, இருபது, முப்பது சேர்த்து மேல சொன்ன மாதிரி டெஸ்ட் பண்ணேன், இருபதுல ஒரு தேன் பழுப்பு நின்னுது. இப்ப என் டீ கப்பு எல்லாத்துக்கும் அதான் கிளேஸ்.

புது மண்ணு எதையும் முதல்ல ஸ்டோன்வேர்ல செஞ்ச ஒரு பழைய சாஸருக்குள்ள வெச்சு சுடுங்க, உருகினா சாஸரோட போகும்.

இவ்வளவு உடைச்சு, உருக்கி... வேஸ்ட்டா தெரியலயா?

1971ல ரே மீக்கர், டெபோரா ஸ்மித்னு ரெண்டு பேர் நம்ம ஊர்ல கோல்டன் பிரிட்ஜ் பாட்டரிய ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு இந்தியால ஸ்டோன்வேர் செய்றவங்கள்ல நிறைய பேர் அங்க கத்துக்கிட்டவங்க. அந்த மீக்கர் 1980கள்ல பச்சை மண் செங்கல்ல வீடு கட்டி, உள்ள செங்கல்லும் சாமானும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கி மொத்தமா சுட்டுப் பார்த்தாரு. ஒரு வீட்டையே சுட்டுப் பார்க்கற அளவுக்கு ஒருத்தருக்கு தெரிஞ்சுக்கணும்னு இருந்திருக்கு, நான் ஒரு கிண்ணத்துக்கு ஏன் யோசிக்கணும்.

ஆனா ஒண்ணு, சுட்டது திரும்ப மண்ணாகாது. அரிக்கமேட்டுல 1945ல தொல்லியல்காரர் வீலர் தோண்டினப்போ கிடைச்ச ரோமானிய சிவப்பு ஓட்டுத்துண்டு ரெண்டாயிரம் வருஷமா அப்படியே கிடந்திருக்கு, அத வெச்சுதான் அந்த இடத்தோட காலத்தையே கணக்கு போட்டாங்க. அதனால பிஸ்க்குக்கு போறதுக்கு முன்னாடியே கறாரா பிரிச்சுடுங்க, மனசுக்கு ஒப்பாதத கரைச்சுடுங்க. சுட்டு உடைஞ்சத நான் செடித்தொட்டிக்கு அடில போடறேன்.

குழந்தைங்க இருக்கற வீடு, மண்ணு தூசி பரவாயில்லையா?

பரவாயில்லைன்னு சொல்லவே மாட்டேன். காஞ்ச மண்ணு தூசிலயும் கிளேஸ் பொடிலயும் சிலிக்கா இருக்கு, வருஷக்கணக்கா நுரையீரல்ல சேர்ந்தா சிலிக்கோசிஸ் வரும், திரும்ப சரியாகாது. துடைப்பத்தால பெருக்காதீங்க, ஈரத்துணில துடைங்க. பொடி கலக்கும்போது என்95 மாஸ்க், அந்த நேரம் குழந்தைங்க பக்கத்துல வேணாம். வேலை துணிய தனியா துவைங்க.

நான் செஞ்ச கிண்ணத்துல ரசம் ஊத்தலாமா?

ரெண்டு டெஸ்ட்டுல பாஸ் ஆனா ஊத்தலாம். ஒண்ணு, கிளேஸ் போடாம அதே சூட்டுல சுட்ட ஒரு துண்ட எடை போட்டு, ரெண்டு மணி நேரம் தண்ணில கொதிக்க வெச்சு, துடைச்சு திரும்ப எடை போடுங்க. 200 கிராம் 203 ஆனா ஒண்ணரை சதவீதம் உறிஞ்சுது. ரெண்டுக்கு மேல போனா அந்த மண்ணுல நான் சாப்பாட்டு சாமான் செய்றதில்ல.

ரெண்டாவது, அரை எலுமிச்சம்பழத்த வெட்டுன பக்கம் கீழ இருக்கற மாதிரி கிளேஸ் மேல ஒரு நாள் கவுத்து வைங்க. எனக்கு ரொம்ப பிடிச்ச ஒரு தாமிரப் பச்சை இருந்துச்சு, காலைல எலுமிச்சைய எடுத்தா வட்டமா வெளுத்திருந்துச்சு. புளியும் எலுமிச்சையும் இல்லாத சமையல் நம்ம வீட்டுல ஏது, அந்தப் பச்சைய பூந்தொட்டிக்கு வெச்சுக்கிட்டேன். இந்த டெஸ்ட் எல்லாத்தையும் பிடிச்சுடாது, அதனால ஈயம் இருக்கற எதையும் ஸ்டுடியோக்குள்ளயே விடாதீங்க.

அதே கிளேஸ், அதே கில்ன், அதே புரோகிராம். போன தடவ சூப்பரா வந்துச்சு, இந்த தடவ ஓடி ஒட்டிக்கிச்சு. ஏன்?

இதுக்குத்தான் நோட்டு. எனக்கு ஒரு மே மாசம் அந்த தேன் பழுப்பு கப்பு ஒன்பது ஷெல்ஃப்ல ஒட்டிக்கிச்சு. கோன பார்த்தேன், போன தடவ வரைஞ்ச அதே கோணம், அப்ப சூடு காரணமில்ல. அடுக்கின இடம் அதேதான். ரெசிபி மாறல, அதே பக்கெட்டுதான். முக்கி எடுத்த நேரம் மூணு எண்ணிக்கை, அதுவும் எழுதி இருக்கு.

கடைசில நூறு மில்லி கிளேஸ அளந்து எடை போட்டேன். பிப்ரவரில 145 கிராம்னு எழுதிருக்கேன், இப்ப 158. அக்னி நட்சத்திர வெய்யில்ல மூடி சரியா மூடாத பக்கெட்டுல தண்ணி குறைஞ்சு கிளேஸ் கெட்டியாயிடுச்சு, அதே மூணு எண்ணிக்கைல கப்பு மேல ரொம்ப தடிமனா ஏறிடுச்சு. தண்ணி ஊத்தி 145க்கு கொண்டு வந்து அடுத்த சூளைல நாலு கப்பு போட்டேன், நாலும் கையோட வந்துச்சு. பக்கெட்டு மூடி மேல இப்ப மார்க்கர்ல 145ன்னு எழுதி வெச்சிருக்கேன், முக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் எடை போடறேன்.